கர்ப்பகாலப் பருவுக்கு எது: அசெலாயிக் அமிலமா, பென்சாயில் பெராக்சைடா?

கர்ப்பம் என்று உறுதியானபோது எனக்கு ஆறாவது வாரம். அதற்கு முந்தைய இரவு வரை, பருவுக்காக இரண்டு ஆண்டுகளாக விடாமல் பூசிவந்த அடாபலின் ஜெல்லைப் பூசிக்கொண்டுதான் படுத்தேன். மறுநாள் மகப்பேறு மருத்துவரிடம் நடுங்கிக்கொண்டே அதைச் சொன்னபோது, தோலில் பூசும் ஜெல்லிலிருந்து இரத்தத்துக்குப் போகும் அளவு மிகச் சொற்பம் என்றும், இதுவரை பூசியதற்காகக் கலங்க வேண்டாம் என்றும், ஆனால் இன்றோடு அதை எடுத்து வைத்துவிட வேண்டும் என்றும் அவர் சொன்னார். எடுத்து வைத்தேன். பத்தாவது வாரத்தில் தாடையோரமும் கழுத்தின் மேற்பகுதியும் கல்லூரிக் காலத்தில்கூடக் கண்டிராத பருக்களால் நிறைந்துவிட்டன. அடுத்த ஏழு மாதங்களில் நான் இரண்டு மருந்துகளை மாற்றிப் பார்த்தேன். அந்த அனுபவத்திலிருந்தும், தோல் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதிலிருந்தும் எழுதுகிறேன். என் சாய்வு அசெலாயிக் அமிலத்தின் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

போட்டியிலேயே சேராதவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கர்ப்பத்தில் அறவே கூடாது. கருவின் காது, முகம், இதயம், மூளை ஆகியவற்றில் கடுமையான குறைபாடுகளை உண்டாக்கக்கூடியது என்பதால், அதை நிறுத்தி ஒரு மாதமாவது கழிந்த பிறகே கருத்தரிக்கச் சொல்கிறார்கள். டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் குழந்தையின் பற்களிலும் எலும்பிலும் படிந்துவிடும். ஹார்மோன் சார்ந்த பருவுக்குத் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை ஆண் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கலாம். ட்ரெட்டினாயின், அடாபலின் போன்ற பூசும் ரெட்டினாய்டுகளால் (வைட்டமின் ஏ வகை மருந்துகளால்) குறைபாடுகள் கூடியதாக ஆய்வுகள் காட்டாவிட்டாலும், ஐரோப்பிய மருந்து முகமை 2018-இல் அவற்றையும் கர்ப்பத்தில் பயன்படுத்தக் கூடாது என்றே அறிவித்தது. ஆக, மிதமான பரு உள்ள ஒரு கர்ப்பிணிக்கு முக்கியமாக எஞ்சுபவை அசெலாயிக் அமிலம், பென்சாயில் பெராக்சைடு, கிளிண்டாமைசின் ஜெல் ஆகிய மூன்றும், துணைக்கு இரண்டு சதவீதம் வரையிலான சாலிசிலிக் அமிலம் கலந்த முகக்கழுவியும்தான்.

பாதுகாப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் முதல் இரண்டுக்கும் இடையே தேர்ந்தெடுக்கப் பெரிய காரணம் ஏதுமில்லை. அசெலாயிக் அமிலம் கோதுமை, வாற்கோதுமை போன்ற தானியங்களில் இயல்பாகவே இருப்பது; நாம் உண்ணும் உணவு வழியாக ஏற்கெனவே உடலுக்குள் வந்துகொண்டிருப்பது. பூசும்போது அதில் ஏறத்தாழ 4 சதவீதம்தான் தோலைத் தாண்டி உள்ளே செல்கிறது. பென்சாயில் பெராக்சைடிலும் சுமார் 5 சதவீதமே உள்ளே போகிறது. அதுவும் பென்சோயிக் அமிலமாக மாறிச் சிறுநீரில் விரைவாக வெளியேறிவிடுகிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு இரண்டையும் கர்ப்பத்தில் பயன்படுத்தலாம் என்றே பட்டியலிட்டிருக்கிறது. எனவே, 'எது குழந்தைக்கு ஆபத்தில்லாதது' என்ற கேள்வியோடு நின்றுவிட்டால் இந்த ஒப்பீடு இங்கேயே முடிந்துவிடும்.

நான் கேட்க வேண்டியிருந்த கேள்வி வேறு என்பது மூன்று வாரம் கழித்தே புரிந்தது. என் போன்ற மாநிறத் தோலில் ஒரு பரு ஒரு வாரம் இருக்கிறது. அது போன பின் தங்கும் கருமை ஆறு மாதம் இருக்கிறது. கண்ணாடியில் என்னை வருத்தியவற்றை ஒருநாள் எண்ணிப் பார்த்தபோது, உயிரோடிருந்த பருக்கள் ஐந்து, அவை விட்டுச்சென்ற கரும்புள்ளிகள் பதினான்கு. கர்ப்பத்தில் இது இன்னும் கூடுகிறது. வயிற்றின் நடுவே கருங்கோடு விழுவதற்கும், மார்பின் முனை கறுப்பதற்கும், கன்னத்தில் மங்கு படர்வதற்கும் காரணமான ஹார்மோன் மாற்றங்கள் தோலின் நிறமி செல்களை எப்போதும் தயார் நிலையில் வைத்திருக்கின்றன. அந்த நிலையில் தோலில் எங்கே அழற்சி ஏற்பட்டாலும் அங்கே கருமை படிவது எளிது. அழற்சியைப் பரு மட்டும்தான் உண்டாக்கும் என்பதில்லை, மருந்தின் எரிச்சலும் உண்டாக்கும். இதற்கு வழக்கமாகக் கைகொடுக்கும் ரெட்டினாய்டும், கருமையை வெளுக்கும் ஹைட்ரோகுவினோனும் இந்தக் காலத்தில் கூடாது. ஹைட்ரோகுவினோன் பூசிய அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே போய்விடுகிறது என்பதால் மருத்துவர்கள் தவிர்க்கவே சொல்கிறார்கள். ஆகவே எது பருவை வேகமாக வற்ற வைக்கிறது என்பதைவிட, எது குறைவான கருமையை விட்டுச்செல்கிறது என்பதே என் கணக்கில் தீர்ப்பை முடிவு செய்தது.

முதலில் பூசியது பென்சாயில் பெராக்சைடுதான். 2.5 சதவீத ஜெல், இரவில் ஒருமுறை. சீழ்ப்பருவுக்கு இந்த அளவே 5, 10 சதவீதத்துக்கு நிகராக வேலை செய்யும், எரிச்சல் மட்டும் குறையும் என்பதால் மருத்துவர் அதையே எழுதிக்கொடுத்தார். அதன் வேகத்தைக் குறை சொல்ல மாட்டேன். சீழ் கோத்த பரு நான்காம் நாளில் சுருங்கிவிட்டது. கிருமியை நேரடியாகக் கொல்வதாலும், கிருமிகள் அதற்கு எதிர்ப்புத் திறனை வளர்த்துக்கொள்ளாததாலும் அது நம்பகமான மருந்து. ஆனால் இரண்டாம் வாரத்தில் தாடையோரம் செதில் செதிலாக உரிந்தது, உரிந்த இடம் சிவந்தது, சிவந்த இடம் கறுத்தது. பரு வராத இடத்தில்கூட மருந்தின் எரிச்சலால் இரண்டு புதிய கருமைகள் வந்து சேர்ந்தன. துணியின் நிறத்தை அது வெளுக்கும் என்று டியூபிலேயே எழுதியிருந்தும் நான் பொருட்படுத்தவில்லை. தலையணை உறையில் ஆரஞ்சுத் திட்டுகள் விழுந்தன, போனால் போகட்டும் என்று விட்டேன். வளைகாப்புக்கென்று தைத்து வைத்திருந்த அரக்கு நிற ரவிக்கையைக் காலையில் அளவு பார்க்கப் போட்டுக் கழற்றியதில் அதன் கழுத்தோரமும் வெளுத்துப்போனதைக் கண்டு, மருந்தை மாற்றக் கேட்பதென்று அன்றே முடிவு செய்தேன்.

பென்சாயில் பெராக்சைடு மிகுந்த வெப்பத்தில் சிதைந்து, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வேதிப்பொருளான பென்சீனாக மாறக்கூடும் என்பதும் இங்கே சொல்ல வேண்டியது. 2024-இல் இது பெரிய செய்தியானது, அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 95 பொருட்களைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் பென்சீன் இல்லை அல்லது மிகமிகக் குறைவு என்று 2025 மார்ச்சில் அறிவித்தது, சிலவற்றை மட்டும் சந்தையிலிருந்து திரும்பப் பெற வைத்தது. எனவே பீதியடையத் தேவையில்லை. ஆயினும், சித்திரை வெயிலில் ஜன்னலோரத்திலோ நிறுத்திவைத்த காருக்குள்ளோ அந்த டியூபை விட்டுவைக்காமல் குளிர்ந்த இடத்தில் வைப்பதும், காலாவதித் தேதியைப் பார்ப்பதும் நல்லது.

அசெலாயிக் அமிலத்துக்கு மாறியது பதினாறாவது வாரத்தில். முதல் மாதம் 10 சதவீதம், பிறகு 20 சதவீதக் களிம்பு. இதன் சிறப்பு, ஒரே மருந்து இரண்டு வேலைகளைச் செய்வது: ஒருபுறம் பருக்கிருமியைக் கட்டுப்படுத்தி, துளைகளை அடைக்கும் தோல்செல்களின் படிவைக் குறைக்கிறது, மறுபுறம் நிறமி உருவாகத் தேவையான டைரோசினேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. மிகையாக வேலை செய்யும் நிறமி செல்களையே அது பெரிதும் தாக்குவதால், சுற்றியுள்ள இயல்பான தோல் வெளுத்துத் திட்டாவதில்லை. மங்குக்கும் இதே களிம்பைப் பரிந்துரைக்கிறார்கள் என்பதால், ஆறாம் மாதத்தில் என் மேலுதட்டில் படரத் தொடங்கிய மங்குக்குத் தனியாக ஒன்றை வாங்க வேண்டியிருக்கவில்லை.

அதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. பூசியவுடன் சுருக்கென்று குத்தி, பத்து நிமிடம் அரிக்கும். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு இரவும் எனக்கு அப்படித்தான் இருந்தது. ஈரமான முகத்தில் பூசினால் அரிப்பு கூடுவதால், கழுவித் துடைத்துக் கால்மணி நேரம் காய விட்டு, மெல்லிய மாய்ஸ்சரைசருக்கு மேல் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் பூசினேன். பரு உள்ள இடத்தில் மட்டும் புள்ளி வைப்பது பயனற்றது, ஏனெனில் அடுத்த பரு எங்கே வரும் என்பது நமக்குத் தெரியாது. இரண்டாவது குறை அதன் வேகம். நான்கு வாரம் வரை எதுவுமே நடக்காதது போலிருந்தது. எட்டாவது வாரத்தில் புதிய பருக்கள் வருவது குறைந்தது, பன்னிரண்டாவது வாரத்தில் பழைய கருமைகளில் பாதி மங்கின. கர்ப்ப காலத்தில் பரு தானாகவே கூடுவதும் தணிவதும் உண்டு என்பதால், இதில் களிம்பின் பங்கு எவ்வளவு, உடலின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் பரு தணிவது வேறு, கருமை மறைவது வேறு. பின்னது கர்ப்பத்தில் தானாக அவ்வளவு எளிதில் நடப்பதில்லை.

காலையில் சன்ஸ்க்ரீன் பூசாவிட்டால் இந்த உழைப்பெல்லாம் வீண். துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு உள்ளது கர்ப்பத்தில் தயக்கமின்றிப் பூசக்கூடியது. இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள வகை மங்குக்கு இன்னும் பொருத்தம்.

கிளிண்டாமைசின் ஜெல்லை நான் தனியாகப் பயன்படுத்தியதில்லை என்பதால் அதைப் பற்றிச் சுருக்கமாகவே எழுத முடியும். கர்ப்பத்தில் பாதுகாப்பானதாகவே கருதப்படுகிறது, எரிச்சலும் குறைவு. ஆனால் அது ஆன்டிபயாடிக் என்பதால் தனியாக மாதக்கணக்கில் பூசினால் கிருமிகள் பழகிவிடும். அதனால்தான் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே எழுதிக்கொடுக்கிறார்கள். நம் மருந்துக்கடைகளில் வேறொரு சிக்கலும் உண்டு. கிளிண்டாமைசினோடு அடாபலின் கலந்த ஜெல்களும், நிகோடினமைடு கலந்த ஜெல்களும் ஏறத்தாழ ஒரே மாதிரியான பெயர்களில், ஒரே மாதிரியான டியூபில் விற்கப்படுகின்றன. 'பருவுக்கு ஜெல்' என்று கேட்ட எனக்கு ஒரு கடையில் அடாபலின் கலந்ததைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள், என் வயிறு அப்போது நன்றாகவே தெரிந்தது. பெயரை விட்டுவிட்டுக் கீழே பொடி எழுத்தில் உள்ள மருந்துகளின் பட்டியலைப் படிக்க வேண்டும். கருமைக்கென்று விற்கப்படும் மூன்று மருந்துக் கலவைக் களிம்புகள் இன்னும் மோசம். ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் அந்த ஒரே டியூபில் இருக்கின்றன.

வீட்டு வைத்தியத்தில் என் அத்தையோடு எனக்கு நடந்தது ஓர் உடன்படிக்கை. எலுமிச்சைச் சாறும் பற்பசையும் வேண்டாம், அவை எரிச்சலூட்டிக் கருமையைக் கூட்டும் என்று நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார். பயத்தமாவால் முகம் கழுவச் சொன்னதை, அழுத்தித் தேய்க்காமல் கழுவுவதென்ற நிபந்தனையோடு நான் ஏற்றுக்கொண்டேன். வளைகாப்பன்று கன்னத்தில் பூசிய சந்தனத்தால் ஒன்றும் ஆகவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், பென்சாயில் பெராக்சைடே பொருந்தும் சிலர் உண்டு. எண்ணெய் வழியும் தடித்த தோலில் சீழ்ப்பருக்கள் கூட்டமாக இருந்தால் அசெலாயிக் அமிலத்தின் மெதுவான நடைக்குக் காத்திருக்கப் பொறுமை இருக்காது. முதுகிலும் மார்பிலும் பரு உள்ளவர்கள், அதை முகக்கழுவி வடிவில் பூசி இரண்டு மூன்று நிமிடம் வைத்துக் கழுவிவிட்டால் எரிச்சலும் துணி வெளுப்பதும் குறையும். எனக்கு முதுகில் பரு வரவில்லை, ஆகவே இது மருத்துவர் சொன்னதேயன்றி நான் கண்டதல்ல. இரண்டையும் சேர்த்து, காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாகப் பூசுவோரும் உண்டு. வலியோடு ஆழமாக இறங்கும் கட்டிப் பருக்களுக்கு இந்த இரண்டுமே போதாமல் போகலாம்; அப்போது எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதைத் தோல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பே இல்லாமல் கடும் அரிப்பு வந்தால் அது களிம்பின் வேலையல்ல. கல்லீரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மகளுக்கு இப்போது ஐந்து மாதம். தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் அசெலாயிக் அமிலத்தைத் தொடரலாம் என்பதால் அதே 20 சதவீதக் களிம்பு இன்னும் அலமாரியில் இருக்கிறது. தோளில் போட்டுத் தட்டும்போது அவள் கன்னம் என் தாடையில்தான் உரசுகிறது. ஆகையால் அவளுக்கு இரவுப் பால் கொடுத்துத் தொட்டிலில் கிடத்திய பிறகே பூசுகிறேன். கரும்புள்ளிகளில் மூன்று மிச்சம், அவற்றில் இரண்டு பென்சாயில் பெராக்சைடு உரித்த இடத்தில் வந்தவை.