மாருதி 800-ஆ, பழைய சான்ட்ரோவா?

இரண்டுமே 2014-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டிகள்தான் (2018-இல் அதே பெயரில் வந்த சான்ட்ரோ வேறு), இருந்தாலும் பழைய கார் தேடுகிறவர்கள் இன்னமும் இவற்றுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

இன்ஜின்: 800-இல் 796 சிசி, மூன்று சிலிண்டர். பழைய சான்ட்ரோவின் பிற்கால மாடலான சான்ட்ரோ ஜிங்கில் 1086 சிசி, நான்கு சிலிண்டர். ஏசி போட்டு மேடு ஏறினால் வித்தியாசம் காலிலேயே தெரியும்.

வசதி: 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ வந்தபோது அந்த உயரமான கூரையைப் பலர் கிண்டலடித்தார்கள், ஆனால் முட்டிவலிக்காரர்கள் குனியாமல், நாற்காலியில் உட்காருவதுபோல் உட்காரலாம். 800-இல் இறங்கித்தான் உட்கார வேண்டும்.

செலவு: 800-தான் குறைவு.

துரு: எதுவானாலும் மிதியடியைத் தூக்கித் தரைத்தகட்டைப் பாருங்கள்.

ஓட்டப் பழக, சந்துபொந்தில் நுழைய 800 எடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் யோசிக்காமல் சான்ட்ரோ.