கோல்டன் ரெட்ரீவர்: மூன்றாவது வருடம், 32 கிலோ, ஊர் முழுக்க ஒரே கேள்வி

நண்பர் ஒருவர் கோல்டன் ரெட்ரீவர் குட்டி வாங்கியிருக்கிறார். ஆண், நாலு மாதம், 14 கிலோ. "இது எவ்வளவு பெருசாகும்? உங்கிட்டதான் ஒண்ணு இருக்கே, சொல்லு" என்று கேட்டு, குட்டியின் முன்னங்கால் பாதத்தை மட்டும் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். பாதம் பெரிதாக இருந்தால் நாயும் பெரிதாகும் என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். அந்த வயதில் எல்லா கோல்டன் குட்டிக்கும் பாதம் பெரிதாகத்தான் இருக்கும். அதை வைத்து ஜோசியம் பார்க்க முடியாது. குட்டியின் அப்பா அம்மாவை நேரில் பார்த்தால் ஓரளவு சொல்லலாம். அம்மாவைக் காட்டுவார்கள். அப்பா எப்போதுமே செல்போனில் ஒரு போட்டோவாகத்தான் இருப்பார், பக்கத்தில் ஒரு கோப்பையோடு.

சரி, நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லட்டு ஆண், மூன்று வயது நடக்கிறது. உயரம் தோள்பட்டை உச்சி வரை 59 சென்டிமீட்டர். எடை 32 கிலோ, அதாவது போன மாதம் வரைக்கும். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

இணையத்தில் ஒரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. குட்டியின் எடையை அதன் வயதால் (வாரக் கணக்கில்) வகுத்து, 52-ஆல் பெருக்கினால் வளர்ந்த எடை வந்துவிடுமாம். லட்டு நாலு மாதத்தில், அதாவது 17 வாரத்தில், 15 கிலோ இருந்தான். கணக்குப்படி 46 கிலோ! அம்மா அந்த 46-ஐ அப்படியே பிடித்துக்கொண்டார். சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. வருடம் முழுக்க ஒரே வேகத்தில் வளரும் பிராணிக்குத்தான் அந்தக் கணக்கு சரிப்படும். கோல்டன் அப்படி வளராது. மூன்றிலிருந்து ஐந்து மாதம் வரை வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஏறுகிறது, ஆறு மாதத்துக்கு மேல் வேகம் குறைகிறது, ஒரு வயதை நெருங்கும்போது முள் நகர்வதே தெரியாது. நாலு மாத எடையை இரண்டால் பெருக்கு என்பது நாய் வளர்ப்பவர்கள் சொல்லும் இன்னொரு கணக்கு. அதன்படி லட்டு 30 வரவேண்டும், வந்தது 32. நண்பரின் குட்டிக்கு முதல் கணக்கில் கிட்டத்தட்ட 43, இரண்டாவதில் 28. இரண்டுக்கும் நடுவே 15 கிலோ வித்தியாசம். எதை நம்புவது என்று கேட்டால் 28-ஐயும் அதற்கு மேல் நாலைந்து கிலோவையும் சொல்வேன்.

கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு உயரத்தைக் குறித்து வந்தோம். எடையைவிட அந்தக் கோடுகள்தான் விஷயத்தைச் சொல்கின்றன. கீழே இருக்கும் கோடுகளுக்கு நடுவே நான்கு விரல் வைக்கலாம். ஏழாவது மாதத்துக்கு மேல் ஒரு விரல். பத்தாவது மாதத்துக்குப் பின் கோட்டின் மேலேயே கோடு, எது எந்த மாதம் என்று தெரியாமல் கறுப்பாக ஒரு பட்டை. உயரம் ஒரு வயதோடு முடிந்தது. அப்புறம் நெஞ்சு அகன்றது, கழுத்துக்கும் வாலுக்கும் முடி வந்தது, ஒன்றரை இரண்டு வயது வரைக்கும் மெதுவாக இரண்டு மூன்று கிலோ ஏறியது. நடுவில் எட்டு ஒன்பது மாதத்தில் ஒரு கோலம் இருக்கிறது. கால் நீளம், உடம்பு ஒல்லி, பின்பக்கம் முன்பக்கத்தைவிட உயரம், முடியும் இல்லை. அந்த நேரத்தில் பார்ப்பவர்கள் இது கோல்டனே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்பார்கள். பயப்பட வேண்டாம், சரியாகிவிடும்.

எடை பார்ப்பது தனி வேலை. குட்டியாக இருக்கும்வரை தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறி, என் எடையைக் கழித்துக்கொள்வேன். 20 கிலோவைத் தாண்டியதும் நானும் அவனும் சேர்ந்து ஆடுவதில் முள் நிற்காது. அதற்கப்புறம் தெருமுனை அரிசி மண்டியின் தராசுதான். ஜிஎஸ்டிக்காக 25 கிலோ சிப்பம் 26 ஆனது பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரு நாள் லட்டு அதைத் தாண்டினான். "சிப்பத்தைத் தாண்டிட்டானுங்க" என்று மண்டிக்காரர்தான் முதலில் பார்த்துச் சொன்னார். இந்த மூன்று வருடத்தில் லட்டுவின் எடையைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் அவர்.

மற்ற எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "ஏனுங்க, நாய்க்கு சோறு வெக்கறதில்லைங்களா?"

கோயமுத்தூரில் நாயோடு நடக்கப் போகிறவர்களுக்கு இது புரியும். காலையில் பால்காரர் கேட்கிறார். வாக்கிங் போகும் ரிட்டயர்டு சார் நிறுத்தி வைத்து, தன் மகன் வீட்டு கோல்டன் 45 கிலோ என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, மெலிஞ்சு போயிட்டானே, ஏதாவது சீக்கா?" என்கிறார். அமைதியாகச் சொல்லிப் பார்த்தேன், விளக்கிப் பார்த்தேன், கடைசியில் கோபப்பட்டும் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. இங்கே நாம் பார்க்கும் கோல்டன்களில் பாதிக்கு இடுப்பே இல்லை. தலையிலிருந்து வால் வரை ஒரே அகலம். அதுதான் ஆரோக்கியம் என்று கண் பழகிவிட்டது. ஒழுங்கான எடையில் ஒரு நாய் நடந்து போனால் பட்டினி போட்ட மாதிரி தெரிகிறது.

இத்தனைக்கும் இந்த இனத்துக்கு என்ன அளவு என்பது ரகசியம் இல்லை. அமெரிக்கன் கென்னல் கிளப் கணக்கில் ஆண் 29 முதல் 34 கிலோ, பெண் 25 முதல் 29 கிலோ. நாய் இனங்களுக்கான பன்னாட்டு அமைப்பான எஃப்சிஐயின் விதிகளில் கிலோவே கிடையாது, உயரம் மட்டும்தான். ஆணுக்கு 56 முதல் 61 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 51 முதல் 56. அமெரிக்க நாய்க் கண்காட்சியில், அந்த ஊர் விதி சொல்லும் உயரத்தைவிட ஒரு அங்குலத்துக்கு மேல் கூடினாலும் குறைந்தாலும் நாயை வெளியே அனுப்பிவிடுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில், சுட்டு விழுந்த பறவையைத் தண்ணீரிலும் புதரிலும் தேடி எடுத்து வருவதற்காக உருவாக்கிய இனம் இது. நாள் முழுக்க நீந்தி ஓடவேண்டியது. 45 கிலோவை வைத்துக்கொண்டு அது எங்கே நீந்தும்?

நியாயமாகச் சொன்னால், ஜனங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. தீனி பையின் பின்பக்கம் இருக்கும் அட்டவணையைப் பாருங்கள். ஒரு பக்கம் மாதம். இன்னொரு பக்கம், குட்டி வளர்ந்தபின் எத்தனை கிலோ வரும் என்பது. எத்தனை கிலோ வரும் என்று தெரியாமல்தானே அய்யா பையைத் திருப்பிப் படிக்கிறேன்! எனக்கு இருக்கும் எரிச்சல்களில் இந்த அட்டவணைக்கு இரண்டாவது இடம். 46 என்று நம்பி அந்த வரிசையில் அளந்து போட்டால், குட்டி அந்த எடையை நோக்கி ஏறத்தான் செய்யும், கொழுப்பாக.

டாக்டர் அந்த அட்டவணையை ஓரமாக வைக்கச் சொன்னார். விலா எலும்பைத் தொட்டுப் பார்க்கும் வித்தையைக் கற்றுக் கொடுத்தார். கையை விரித்து வைத்துக்கொண்டு புறங்கையின் எலும்புகளை மற்றக் கை விரலால் தடவுங்கள், நாயின் விலா அப்படித் தட்டுப்பட வேண்டும். மூடிய முஷ்டியின் முட்டி மாதிரி துருத்தினால் எடை போதாது, உள்ளங்கைப் பக்கம் மாதிரி மெத்தென்று இருந்தால் அதிகம். கூடவே மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரியவேண்டும். கோல்டனுக்கு இது ரொம்ப அவசியம், ஏனென்றால் அந்த முடி எதையும் மறைத்துவிடும். லட்டுவைக் குளிப்பாட்டும்போதுதான் அவனுடைய நிஜ அளவு தெரியும். தண்ணீர் ஊற்றியதும் கழுத்து பாதியாகிறது, வயிறு ஏறிப்போகிறது, தலை மட்டும் பெரிதாக ஒரு ஒல்லி நாய் என்னைப் பார்த்து நிற்கும். எனக்கு அந்த நாயை ரொம்பப் பிடிக்கும்.

அடுத்தது கால்சியம். குட்டி வாங்கிய வாரத்திலேயே கடைக்காரர் ஒரு சிரப்பைப் பையில் போட்டுவிட்டார். எலும்பு பெருசாகுமாம். டாக்டர் அதைத் தொடவே விடவில்லை. பெரிய இனக் குட்டிகளுக்கான தீனியில் கால்சியம் அளந்துதான் சேர்த்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டியின் உடம்புக்கு, அதிகமாக வரும் கால்சியத்தைத் தள்ளிவிடும் திறமை சரியாக வராது. எலும்பு வளர்ச்சிதான் கோணலாகும். அதிகமாகத் தின்னக் கொடுத்தாலும் உயரம் கூடாது. எலும்பு எவ்வளவு வளரவேண்டும் என்பது பிறப்பிலேயே வந்தது. வேகமாக வளரும், அவ்வளவுதான். அந்த வேகமும் எடையும் இடுப்பு மூட்டில் போய் உட்காரும். கோல்டனுக்கு ஏற்கெனவே பலவீனமான இடம் அது. நாய்த் தீனி தயாரிக்கும் பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார்களை வைத்துச் செய்த ஆய்வு 2002-இல் வெளியானது. கூடப்பிறந்ததைவிட 25 சதவீதம் குறைவாகத் தின்ற நாய்கள் கிட்டத்தட்ட இரண்டு வருடம் அதிகம் வாழ்ந்தன. இதை அந்த ரிட்டயர்டு சாரிடம் சொன்னேன். "பாவம், அதுங்க பசியோட வாழ்ந்திருக்கும்" என்றார்.

கருத்தடை பற்றியும் நண்பர் கேட்டார். சுருக்கமாகச் சொல்கிறேன். எலும்பின் வளரும் முனைகள் மூட பாலியல் ஹார்மோன் வேண்டும். சீக்கிரம் கருத்தடை செய்துவிட்டால் அந்த ஹார்மோன் இல்லாமல் முனை மூடத் தாமதமாகி, நாய் கொஞ்சம் உயரமாகும். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 2013-இல் 759 கோல்டன்களின் பதிவேடுகளைப் பார்த்தது. ஒரு வயதுக்குள் கருத்தடை செய்த ஆண்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு, செய்யாத ஆண்களைவிட இரண்டு மடங்கு இருந்தது. அவசரப்படாமல் உங்கள் டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

32 கிலோவோடு வீட்டில் வாழ்வது எப்படி? சுகம். சின்னச் சின்னச் சேதம் இருக்கிறது. வால் சரியாக டீப்பாய் உயரத்தில் இருப்பதால், எங்கள் வீட்டில் காபி டம்ளர் டீவி மேல்தான் இருக்கும். மற்றபடி ஆட்டோவில் ஏறுவான், சோபாவில் எனக்கும் இடம் மிச்சம் வைப்பான், உடம்பு சரியில்லாத நாளில் ஒரு ஆளாகத் தூக்கிக் காரில் வைக்க முடிந்தது. நாங்கள் கொடுக்கும் உண்ணி மாத்திரை 20 முதல் 40 கிலோ வரை ஒரே மாத்திரைதான். இதைவிடப் பெரிய நாய் எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை. குணத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பத்துக்குப் பத்து.

இப்போது அந்தப் போன மாதக் கதை. வெளியூர் போகவேண்டி வந்ததால் லட்டுவைப் பொள்ளாச்சியில் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். அளவு கப், தீனி, எழுதி ஒட்டிய சீட்டு எல்லாம் கொடுத்தேன். திரும்பி வந்து மண்டித் தராசில் நிறுத்தினால் 35. தயிர் சாதம், நெய் தோசை, ராத்திரிக்கு பிஸ்கட். "வளர்ற பிள்ளை வயித்தக் கட்டறியே, நல்லா தேத்தி வெச்சிருக்கேன்" என்றார் அம்மா. அம்மா, அவனுக்கு மூணு வயசு, வளர்ந்து முடிஞ்சாச்சு என்றேன். நான் இல்லாதபோது அவன் எப்படி அழுதான் தெரியுமா என்று பேச்சை மாற்றிவிட்டார். விலா தட்டுப்படவில்லை. தெருவில் எல்லோரும் லட்டுவைப் பார்த்து, "இப்பத்தான் நாய் மாதிரி இருக்கான்" என்கிறார்கள்.

நண்பரின் கேள்வி இந்தச் சமயம் பார்த்துத்தான் வந்தது. அதனால் தீர்ப்பு இதுதான்: கோல்டன் வாங்காதீர்கள். சொந்தக்காரர்கள் இருக்கும் ஊரில் வாங்கவே வாங்காதீர்கள். யாருக்கும் எடை தெரியாத ஏதாவது நாட்டு நாயை வளர்த்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள். போன மாதம் கேட்டிருந்தால் நானே உங்களைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

நீங்கள்தான் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களே. கூண்டு வாங்குவதானால் 42 இன்ச், நடுவில் தடுப்பு வைத்தது. அதுவே கடைசி வரைக்கும் போதும், 48 இன்ச்தான் வேண்டும் என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். கழுத்துப் பட்டை மட்டும் ஒரு வயது வரை மலிவானதாகவே வாங்குங்கள், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.