கோழி ஜெர்க்கி பட்டை: நாய் பயிற்சிக்கு ஆகுமா?

பெட் ஷாப்பில் விரல் நீளத்துக்கு, பழுப்பு நிறத்தில் விற்கிற உலர்ந்த கோழிப் பட்டை நாய்க்குப் பிடிக்கும்; பாக்கெட் சரசரத்தாலே ஓடி வரும். ஆனாலும் பயிற்சித் தீனியாக ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் தரலாம்.

முதல் குறை, கடினம். முழுப் பட்டையை மென்று முடிப்பதற்குள் எதற்காகக் கிடைத்தது என்பதே நாய்க்கு மறந்துபோகும். 'உட்கார்' என்றதும் உட்கார்ந்த நொடியில் தீனி வாய்க்குள் போய், ஒரே விழுங்கில் இறங்கி, கண் மறுபடி உங்கள் கைக்குத் திரும்ப வேண்டும். அதற்குக் கடலைப்பருப்பு அளவு போதும். காய்ந்து விறைத்த பட்டையோ கத்தரியில் தெறித்துத் தூளாகும். தூள் தரையில் விழுந்தால் நாய் மோப்பம் பிடிக்கப் போய்விடும், பாடம் அத்தோடு சரி. வளைத்தால் மடங்குகிற ரகம் நறுக்க எளிது. ஆனால் அந்த மென்மைக்குக் கிளிசரின், சர்க்கரை சேர்ப்பதுண்டு. லேபிளைப் படித்து வாங்குங்கள்.

இரண்டாவது, கணக்கு. கருத்தடை செய்த 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,050 கிலோகலோரி தேவை. தீனி அதில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது 105. தண்ணீர் வற்றிய இறைச்சி என்பதால் 10 கிராம் பட்டையிலேயே 30 கிலோகலோரிக்கு மேல் இருக்கும். மூன்று பட்டையில் அன்றைய பங்கு தீர்ந்தது! அதே ஒரு பட்டையை 30 துணுக்காக்கினால் 30 தடவை பாராட்டலாம். வயிற்றுக்குள் போகும் அளவு நாய்க்குப் பெரிதில்லை, எத்தனை தடவை கிடைக்கிறது என்பதுதான் பெரிது.

அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2007 முதல் ஜெர்க்கி தீனிகள் பற்றி எச்சரித்து வந்திருக்கிறது. சாப்பிட்ட நாய்களுக்கு வாந்தி, பேதி, சிறுநீரகக் கோளாறு என்று புகார்கள் வந்தன. உறுதியான காரணம் பிடிபடவில்லை. தயாரிப்பாளர் முகவரியும் தேதியும் இல்லாத, எடை போட்டுத் தருகிற சரக்கை விட்டுவிடுங்கள்.

தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்து நறுக்கினால் வேலை சுத்தம். 100 கிராமுக்குச் சுமார் 160 கிலோகலோரிதான். ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். வெயிலில் பையில் போட்டுக்கொண்டு திரிய மட்டும் ஆகாது.

ஏற்கெனவே பட்டை வாங்கிவிட்டீர்களா? காலையில் அன்றைய உலர் உணவை அளக்கும்போது ஒரு பிடியைத் தனி டப்பாவில் எடுத்து, ஒரு பட்டையை நாலாக வெட்டி அதில் போட்டு மூடுங்கள். மாலைக்குள் வாசம் ஏறிவிடும். பயிற்சிக்கு அந்த உணவையே கொடுங்கள், தட்டில் அந்த ஒரு பிடி குறையட்டும். பட்டைத் துண்டு, கூப்பிட்டதும் ஓடி வந்ததற்கு.