பூசணிப் பாத்தியில் டிரைக்கோடெர்மா: மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பூசணிக் கொடி நண்பகலில் தொய்ந்து விழுகிறது, நீங்கள் மண்ணில் போடும் அந்தப் பொடியை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். நோய்ப் பூசணங்களை (பூஞ்சைகளை) அடக்கும் நன்மைப் பூசணமான டிரைக்கோடெர்மா விரிடியின் பொடியை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் உடனே பதில் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்தத் தயக்கத்துக்கான காரணத்தை இங்கே எழுதிவைக்கிறேன்.

பொடியைத் தொடுவதற்கு முந்தைய பருவத்தில் ஆறு கொடிகளில் ஐந்தை இழந்திருந்தேன். வெயிலில் தொய்ந்து மாலையில் நிமிர்வது நல்ல பூசணிக்கும் உண்டு என்பதால் முதலில் பொருட்படுத்தவில்லை. விடியற்காலையிலும் இலைகள் நிமிராதபோதுதான் மண்ணை விலக்கிப் பார்த்தேன். தண்டு மண்ணைத் தொடும் இடம் கரும்பழுப்பாகி, விரலால் அழுத்தினால் நசுங்கும் அளவுக்கு அழுகியிருந்தது. இழுத்ததும் கொடி அந்த இடத்திலேயே அறுந்து கையோடு வந்தது. கடுகு மணிகள் போன்ற உருண்டைகள் இருந்திருந்தால் தண்டை அழுகச் செய்யும் ஸ்கிளிரோசியம் என்ற பூசணம் என்று நினைத்திருப்பேன். அவை இல்லாததாலும் அடித்தண்டில் வெளிர்நிறப் பூசணம் படர்ந்திருந்ததாலும் ஃபியூசேரியம் என்ற வேறொரு பூசணத்தால் வரும் அழுகல் என்ற முடிவுக்கு வந்தேன். இந்தப் பூசணம் மண்ணில் இரண்டு மூன்று ஆண்டுகள் தங்கும் என்பதால் பாத்தியை மாற்றுவதே முறை. என்னிடம் இருப்பதோ ஒரே பாத்தி.

அப்படித்தான் பொடி வீட்டுக்கு வந்தது. ஹெக்டேருக்கு 2.5 கிலோவை மக்கிய தொழு உரத்தில் கலந்து இடுக என்று பொட்டலத்தில் அச்சிட்டிருந்தது. வகுத்துப் பார்த்தால் சதுர மீட்டருக்குக் கால் கிராம். வீட்டுத் தராசு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டேன், பிழையொன்றும் நேரவில்லை.

என் மனத்தாங்கல் அளவைப் பற்றியதன்று. இது உயிருள்ள பொருள், ஆனால் முகத்துக்குப் பூசும் மாவைப் போல் விற்கப்படுகிறது. டால்க் தூளில் கலந்த பூசண வித்துகள் அறை வெப்பத்தில் சில மாதங்களிலேயே குறையத் தொடங்கும். வெயில் படும் அலமாரியில் இருந்தால் இன்னும் விரைவாகக் குறையும். கிராமுக்கு 20 இலட்சம் உயிருள்ள அலகுகள் என்று உறை உறுதி கூறுகிறது; அந்த உறுதி எந்த நாள்வரை செல்லும் என்று சொல்லும் தேதியோ, மடிப்புக்குள் மை கலைந்து கிடக்கிறது. செத்த பொடியும் உயிருள்ள பொடியும் நிறத்தில் ஒன்று, மணத்தில் ஒன்று, பூவாளியின் துளைகளை அடைப்பதிலும் ஒன்று.

ஆயினும் முதல் ஆண்டு நான் பெற்ற மகிழ்ச்சியை மறைப்பது நியாயமாகாது. பொடியை ஈரமான தொழு உரத்தில் கலந்து, சாக்கால் மூடி, நிழலில் வைத்திருந்தேன். சில நாள்களில் வெள்ளை இழைகள் ஓடின. பத்தாம் நாள் சாக்கை விலக்கியபோது குவியல் முழுவதும் பசும்பொடி தூவியது போல் இருந்தது. (பச்சையாக வளரும் வேறு பூசணங்களும் உண்டு என்பதால் இதை முழுச் சான்றாகக் கொள்ள முடியாது.) டிரைக்கோடெர்மா மற்றொரு பூசணத்தின் இழையைச் சுற்றிப் பின்னி அதையே உண்ணுகிறது என்று தாவர நோய் ஆய்வாளர் வைண்ட்லிங் 1932இல் எழுதியதைப் படித்திருந்த எனக்கு, அந்தக் குவியலைப் பாத்தியில் பரப்புவது ஒரு படையை இறக்குவது போலவே தோன்றியது. அவ்வாண்டு ஆறில் ஒரு கொடிதான் போயிற்று.

இரண்டாம் ஆண்டு நான்கு போயின. மீந்திருந்த பழைய பொட்டலத்தையே குவியலில் வளர்த்துப் பார்க்காமல் நேராக மண்ணில் ஊற்றினேன். அதே வாரத்தில் இலைப்புள்ளிக்காகச் செம்புப் பூசணக்கொல்லியையும் அடித்து, அது வேரடிவரை வழிந்தோட விட்டேன். பூசணத்தை மண்ணில் விட்டுவிட்டுப் பூசணக்கொல்லியையும் தெளித்தவன் பொடியைக் குறை சொல்லலாகாது. ஆனால் அந்தத் தேதியைப் படிக்கும்படி அச்சிட்டிருந்தால் பாதிப் பழியாவது தெளிவாகியிருக்கும்.

மூன்றாம் ஆண்டு, விதைப்புக்கு முன் கோடை உச்சியில் பாத்தியை நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் மெல்லிய பாலித்தீன் தாளை இறுக விரித்து, ஓரங்களை மண்ணிட்டு மூடி ஆறு வாரம் வேகவிட்டேன். வெயிலின் சூட்டாலேயே மண்ணிலுள்ள நோய்ப் பூசணங்களைக் கொல்லும் இது, 1976இல் இஸ்ரேலில் கட்டானும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட முறை. பின்னர் புதுப் பொடியைக் குவியலில் வளர்த்து ஐந்து குழிகளில் இட்டேன். ஆறாவதை, ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையில், வெறுமனே விட்டேன். ஆறு கொடிகளும் நின்றன. வெறும் குழியின் கொடிதான் எல்லாவற்றிலும் பெரிய காயைக் கொடுத்தது, அதை எண்ணினால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது. வெயிலில் வெந்த மண்ணில் போட்டியாளர்கள் குறைவு, அங்கே டிரைக்கோடெர்மா எளிதில் குடியேறும், எனவே அடுத்தடுத்த பருவங்களில்தான் அதன் பயன் தெரியும் என்று பொடிக்காக வாதாடலாம். ஒரே ஒரு குழியை வைத்து அதை மறுக்க எனக்கு உரிமையில்லை.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது: வாங்காதீர்கள். அடித்தண்டு அழுகிய கொடியை எந்தப் பொடியும் மீட்காது. அதை வேரோடு பிடுங்கி, உரக்குழியில் சேர்க்காமல் அப்புறப்படுத்துங்கள், அதன் காயிலிருந்து விதை எடுக்காதீர்கள், ஏனெனில் இந்த நோய் விதையோடும் வரும். மிச்சக் காசுக்குப் பாலித்தீன் தாள் வாங்குங்கள். இதைச் சொல்லி முடித்த மறுநாள் நான் புதிதாக ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். இம்முறை தேதி தெளிவாக இருக்கிறது, குவியலின் மேல் சாக்கும் போட்டாயிற்று.