குளக்கரைக்கு எதைத் தூக்கிக்கொண்டு போவது?

இலையுதிர் காலக் குளத்தில் பறவைக்குப் பஞ்சமில்லை, அது எந்தப் பறவை என்று சொல்வதில்தான் சிக்கல். மல்லார்ட் ஆண் வாத்து கோடையில் இறகுதிர்த்துப் பச்சைத் தலையை இழந்து, பெட்டையைப் போலவே பழுப்பாகிவிடும். செப்டம்பரிலும் பல ஆண்கள் அரைகுறை உடையில்தான் திரியும். சேற்றோரம் இரைதேடும் சிறு கரைப்பறவைகளான உள்ளான்களில் அந்த ஆண்டுக் குஞ்சுகளும், இறகு தேய்ந்த பெரியவைகளும் கலந்தே இறங்கும். அதனால் எது பெரிதாகக் காட்டும் என்று மட்டும் பார்த்துக் கருவி வாங்கினால் ஏமாந்துபோவோம். பைனாகுலர், ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் பொருத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி), நீள ஜூம் கேமரா என மூன்றையும் தோளில் சுமந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் பைனாகுலர். எனக்கு 8x42 போதும், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். 10x42-இல் அது 4.2 ஆகிவிடும். நடுப்பகலில் வித்தியாசம் தெரியாது. பனிமூட்டம் விலகாத காலையிலும், பொழுது சாயும்போதும் நன்றாகவே தெரியும், பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதும் அப்போதுதான். 10x-இல் கை நடுக்கமும் கூடும், பார்வைப் பரப்பும் குறையும். முக்குளிப்பான் ஓரிடத்தில் மூழ்கி வேறிடத்தில் தலைகாட்டும்போது பரப்பு அகலமாக இருந்தால்தான் பிடிக்க முடியும்.

அந்தப் பழுப்பு மல்லார்டையும் பைனாகுலரிலேயே தீர்த்துவிடலாம். இறகை விட்டுவிட்டு அலகைப் பாருங்கள். ஆணுக்கு உடை மாறினாலும் அலகு மஞ்சள் கலந்த பச்சைதான். பெட்டைக்கு ஆரஞ்சு, நடுவில் கறுப்புக் கறை. முப்பது மீட்டரில் இது பளிச்சென்று தெரியும்.

ஸ்கோப்பின் பலம் வேறு. இளம் உள்ளானின் முதுகில் ஒவ்வோர் இறகுக்கும் வெளிறிய கரை இருக்கும், மீன் செதில் அடுக்கியது போல. பெரியதற்கு அந்த ஒழுங்கு தேய்ந்து கலைந்திருக்கும். தூரத்துச் சேற்றில் நிற்கும் பறவையில் இதைக் காண ஸ்கோப்தான் வேண்டும். தலையைச் சிறகில் செருகித் தூங்கும் கிளுவை வாத்துக் கூட்டத்தை எண்ணவும் அதுவே சுகம். ஆனால் 20-60x என்று எழுதியிருக்கிறதே என்று 60-க்குத் திருப்பிவிடாதீர்கள். 65 மி.மீ. ஸ்கோப்பில் அப்போது ஒளிக்கற்றை ஒரு மில்லிமீட்டர்தான், படம் மங்கிவிடும். வெயில் ஏறினால் சேற்றுக்கு மேல் காற்று அலையடித்து எல்லாம் நெளியும். நான் பெரும்பாலும் 25, 30-ஐத் தாண்டுவதில்லை. முக்காலியோடு சேர்த்து மூன்று கிலோ வரை சுமக்க வேண்டும் என்பது தனிக்கதை.

கேமராவைப் பற்றி எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. ஓர் அக்டோபர் காலையில் மதகோரம் கருத்த முதுகுடன் ஓர் உள்ளான் நின்றது. பொறி உள்ளானா, கிரீன் சாண்ட்பைப்பரா? இரண்டுக்கும் பின்முதுகு வெள்ளைதான். பறக்கும்போது சிறகின் அடிப்பக்கம் கறுப்பாக இருந்தால் கிரீன் சாண்ட்பைப்பர், வெளுத்திருந்தால் பொறி உள்ளான். நானோ சடசடவென்று நாற்பது படம் எடுத்துவிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எழுந்து போனது காதில் மட்டும் விழுந்தது. வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் நாற்பதிலும் எதிர்வெயிலில் ஒரு கருநிழல். காலின் நிறம்கூடத் தெரியவில்லை.

சரி, கேமரா வீண் என்று சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம், இன்னொருவரிடம் காட்டிக் கேட்கலாம். ஆனால் தட்டைவாயன் வாத்துகள் கூட்டமாக வட்டமடித்து நீரைக் கலக்கி மேய்வதையோ, உள்ளான் வாலை ஆட்டும் விதத்தையோ நின்றுபோன படம் சொல்லாது. உடை நம்ப முடியாத இந்தப் பருவத்தில் நடத்தைதான் பாதி அடையாளம்.

எதிர்க்கரை நூறு மீட்டருக்குள் இருந்தால் ஸ்கோப்புக்குச் செலவு செய்யாதீர்கள், 8x42 ஒன்றே போதும். அகன்ற நீர்ப்பரப்பு, நடுவில் சேற்றுத் திட்டு என்றால் மட்டும் ஸ்கோப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். கேமரா பைக்குள் இருக்கட்டும், பறவை பறந்து போகும்வரை பார்த்த பிறகு எடுக்கலாம். அது திரும்பி வந்தால்.