பழவேற்காட்டுல ஃபிஷ் ஃபைண்டர்: கழியைத் தூக்கிப் போட்டுடாதீங்க

பழவேற்காடு ஏரி பல இடத்துல இடுப்பளவுதான். முகத்துவாரத்தை மணல் மூடிக்கிட்டே இருக்கும். அந்தத் தண்ணிக்காக என் ஃபைபர் போட்டுல சின்னத் திரை வச்ச ஜிபிஎஸ் ஃபிஷ் ஃபைண்டர் (தண்ணிக்குள்ள ஒலி அனுப்பி ஆழத்தையும் மீனையும் காட்டுற கருவி) மாட்டியிருக்கேன். மீன் தேட இல்லை, ஆழம் பாக்க.

வாங்குறவங்க முதல்ல 'கீல் ஆஃப்செட்' (ஆழக் கணக்கைப் போட்டுக்கு ஏத்த மாதிரி சரி பண்ற செட்டிங்) போடுங்க. சென்சார் தன் முகத்துலேர்ந்துதான் அளக்கும். இன்ஜின் ஃபேன் (போட்டைத் தள்ளுற விசிறி) அதுக்கும் கீழே நிக்கும். அந்த வித்தியாசத்தைக் கழிக்கலைன்னா, திரையில தண்ணி இருக்குன்னு காட்டும்போதே ஃபேன் சேத்தை உழும். ஆழம் குறைஞ்சா கத்துற அலாரம் அருமை. சென்சாரை ஃபேனுக்குப் பக்கத்துல பொருத்தினா மட்டும் நுரையில எண் தாறுமாறா ஓடும்.

பெரிய குறை: அடியில இருக்கறதைத்தான் சொல்லும், முன்னால வர்ற மணல்திட்டைச் சொல்லாது. ஜிபிஎஸ்ல பதிஞ்ச பழைய வழியையும் நம்ப முடியாது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வந்தா மணல் இடம் மாறிடும். முகத்துவாரத்துல வேகத்தைக் குறைச்சு, முன்னால ஒரு ஆள் கழியோட நின்னாத்தான் சரி. கடல் ஏத்தத்துல தண்ணி ஏறுறப்போ போங்க. தரை தட்டினாலும் ஏறுற தண்ணியே தூக்கி விடும். இறங்குறப்போ தட்டினா அங்கேயே சோறு.

உச்சி வெயில்ல திரை சரியாத் தெரியலை. அஞ்சுக்கு நாலு மார்க்.