திரியா, எண்ணெயா, கரியா? பொம்மை இன்ஜினின் புகை நாற்றத்துக்கு எது மருந்து

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டு ரேழியில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிடும், உள்ளே முற்றத்தைச் சுற்றி ரயில் ஓடுகிறதா இல்லையா என்று. மச்சான் அமெரிக்காவிலிருந்து வந்தபோது செகண்ட் ஹேண்டில் வாங்கிவந்த ஓ கேஜ் அளவு பொம்மை நீராவி இன்ஜின் அது, ஓடுவது மின்சாரத்தில். அசலில் 48-ல் ஒரு பங்கு. புகைபோக்கியிலிருந்து குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பும்போது பார்க்க அழகுதான். முகர்ந்தால் அடிப்பிடித்த பாலும் பழைய லாரியும் கலந்த வாடை. முதல் நாளே மாமனார் ஊஞ்சலிலிருந்து கேட்டார்: "மாப்ளே, ரயில் ஓட்டுறீங்களா, வடை சுடுறீங்களா?"

மீட்டர் கேஜ் காலத்தில் ஒய்பி இன்ஜினில் பயர்மேனாகக் கரி அள்ளிப் போட்டவர். அவர் மூக்கை ஏமாற்ற முடியாது. அதற்குப் பிறகு ஒரு வருஷம், யார் எந்த வைத்தியம் சொன்னாலும் செய்து பார்த்துவிட்டேன். சில பலித்தன. சில வீட்டில் சண்டையில் முடிந்தன.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. புகை சுவிட்சை அணைத்துவிட்டு இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓட்டுங்கள். அப்போதும் நாறினால் அது புகையின் குற்றமே இல்லை. மோட்டாரின் கார்பன் பிரஷ் தீப்பொறி விட்டால் ஓசோன் உண்டாகி, வெல்டிங் பட்டறை வாசலில் வருமே, அந்தக் காரமான வாடை வரும். பல்சக்கரத்துக்கு விட்ட எண்ணெய் வழிந்து மோட்டாரில் பட்டுக் காய்ந்தாலும் ஒரு வாடை உண்டு. இந்த இரண்டுக்கும் மருந்து பிரஷ்ஷையும், அது உரசிச் சுழலும் செப்பு வளையமான கம்யூட்டேட்டரையும் துடைப்பதுதான். எனக்கு சுவிட்சை அணைத்ததும் வாடை நின்றுவிட்டது. ஆக, குற்றவாளி, புகையை உண்டாக்கும் ஸ்மோக் யூனிட்.

அதற்குள் எதுவும் எரிவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. சின்ன ரெசிஸ்டர் அல்லது நிக்ரோம் கம்பி சூடாகிறது. பக்கத்துத் திரியில் ஊறியிருக்கும் பாரஃபின் வகை எண்ணெய் ஆவியாகிறது. குட்டி விசிறியோ பிஸ்டனோ அதை மேலே தள்ளுகிறது. வெளிக்காற்று பட்டதும் ஆவி நுண்துளிகளாகி வெள்ளையாகத் தெரிகிறது, மார்கழி விடியலில் நம் வாயிலிருந்து வருவது போல. ஒழுங்காக நடந்தால் வாடை கொஞ்சம்தான். எண்ணெய் வற்றிய பிறகும் சூடு ஏறிக்கொண்டிருந்தால்தான் வினை. திரியில் மிச்சமிருப்பது கருகிப் பிசினாகிவிடும். அப்புறம் எவ்வளவு உசத்தியான எண்ணெய் விட்டாலும் அந்தக் கரியைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும்.

திரியை மாற்றுவதா, எண்ணெயை மாற்றுவதா

எல்லாரும் முதலில் எண்ணெயைத்தான் மாற்றுகிறார்கள். நானும் அப்படித்தான். பாட்டில் வாங்குவது சுலபம், இன்ஜினைப் பிரிப்பது பயம். இரண்டு பாட்டில் காலியான பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். மூடியைத் திறந்தால் உள்ளே திரி இருந்த இடத்தில் கடுகுத் தாளிப்பு தீய்ந்த கரண்டி மாதிரி ஒரு கறுப்புக் கட்டி. ஓரத்தில் மட்டும் அசல் வெள்ளை கொஞ்சம் தெரிந்தது.

இங்கேதான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். திரி என்றால் திரிதானே என்று பூஜை அறையிலிருந்து விளக்குத் திரி இரண்டை எடுத்து நறுக்கித் திணித்தேன். விளக்கில் பஞ்சுத் திரியின் நுனி எரியத்தான் செய்கிறது, அதைத் தூண்டிவிடுகிறோம். இங்கே யார் தூண்டுவது? சூடான கம்பியை ஒட்டியிருந்த பஞ்சு கால் மணி நேரத்தில் பழுத்து, பிறகு கறுத்து, பழைய நாற்றத்தோடு துணி கருகும் வாடையும் சேர்ந்துகொண்டது. "ஏங்க, எங்கியோ ஒயர் பத்திக்கிச்சு" என்று மனைவி ஓடிப்போய் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டாள்.

வேண்டியது கண்ணாடி இழைத் திரி. அது எரியாது. அதில் படியும் எண்ணெய்தான் கருகும். கம்பெனித் திரியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், ஆனால் தபால் செலவு திரியின் விலையைத் தாண்டும். நம் பக்கத்தில் அதற்கு மாற்று உண்டு. பம்புசெட் மோட்டார் ரீவைண்டிங் செய்யும் கடை டெல்டாவில் எந்த ஊரில் இல்லை? அங்கே கம்பிக்கு மாட்டும் கண்ணாடி இழை ஸ்லீவ் கிடைக்கும். மஞ்சளாக வார்னிஷ் ஏறியதை வாங்காதீர்கள், சூட்டில் வார்னிஷ் நாறும். வெள்ளையாக, தொட்டால் மொறமொறப்பு இல்லாமல் இருப்பதைக் கேளுங்கள். ஒரு சாண் வாங்கினால் நாலைந்து இன்ஜினுக்குக் காணும். திணிக்கும்போது கம்பியைத் தொட்டும் தொடாமலும் தளர்வாக இருக்க வேண்டும். விசிறிக் காற்று வரும் துளையை அடைத்துவிட்டால் ஆவி வெளியேறாமல் உள்ளேயே வெந்து மறுபடி கருகும்.

1940, 50-களின் இன்ஜின் கையில் இருந்தால் இன்னும் கவனம். அமெரிக்கப் பொம்மை ரயில் கம்பெனியான லயனல் 1946-ல் இன்ஜினில் புகை வரவைத்தபோது ஒரு பல்பின் சூட்டில், அதற்கென்றே செய்த மாத்திரை புகைந்தது. அடுத்த வருஷமே பல்பைக் கைவிட்டு சூடேறும் கம்பிக்கு மாறினார்கள். மாத்திரை போட்டு ஓட்டிய யூனிட்டுக்குள் மிச்சம் மெழுகாக இறுகிக் கிடக்கும், அதன்மேல் எண்ணெய் விட்டால் இரண்டு வாடையும் சேர்ந்து வரும். அந்தக் காலத்துப் பஞ்சு ஆஸ்பெஸ்டாஸாகவும் இருக்கலாம். வாயால் ஊதாமல், சுரண்டாமல், ஈரப்படுத்தி எடுத்துப் பையில் கட்டிவிடுங்கள்.

திரியை மாற்றிய அன்றைக்கே முக்கால் பங்கு நாற்றம் போய்விட்டது. என்னைக் கேட்டால் பாக்கி வைத்தியம் எல்லாம் மீதிக் கால் பங்குக்குத்தான்.

எண்ணெய்க்கும் எண்ணெய்க்கும்

மணமூட்டிய ஸ்மோக் ஆயில், மணமில்லாதது என்று இரண்டு ஜாதி. மணமூட்டியதில் நிலக்கரி, விறகு, பைன் மரம், காபி என்று வகை வகையாக உண்டு. நிலக்கரி மணம் என்று போட்டிருந்ததை விட்டு மாமாவிடம் காட்டினேன். கண்ணை மூடி இழுத்துப் பார்த்தார். "இது கரியா? கரி இஞ்சின்னா ஈரச் சாம்பல் வாடை வரும், சிலிண்டர் ஆயில் வாடை வரும். இது ஊதுவத்திக் கடை." அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டு நிலக்கரியில் கந்தகம் குறைவு, சாம்பல் அதிகம். பாட்டில்காரர்கள் நினைத்துக்கொண்ட கரி வேறு ஊர்க் கரியாக இருக்கும்.

மணமூட்டியதில் எனக்குள்ள பெரிய குறை வேறு. அது நாற்றத்தைப் போக்குவதில்லை, மேலே போர்வை போர்த்துகிறது. காபி மணம் முதல் நாள் நன்றாக இருக்கும். நாலாம் நாள் கருகிய திரி அடியில் இருந்தால் கருகிய காபி. மணமில்லாத, நன்றாகச் சுத்திகரித்த பாரஃபின் எண்ணெய்தான் என் தேர்வு. மூடிய ஏசி அறையில் ஓட்டுபவர்களுக்கு இன்னும் அவசியம். முற்றம் வைத்த வீடானால் மணமூட்டியதையும் பொறுத்துக்கொள்ளலாம், அரை மணியில் ஆகாசத்துக்குப் போய்விடும்.

வீட்டுச் சரக்கை ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். தாவர எண்ணெயில் கிளிசரால் இருக்கிறது. அது அதிகச் சூட்டில் சிதைந்தால் அக்ரோலின் என்ற வாயு வரும். வடைச் சட்டி புகையும்போது கண்ணைக் கரிக்கிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு. மாமா முதல் நாள் வடை என்றது சும்மா இல்லை போலிருக்கிறது. எனக்கு முன் அந்த இன்ஜினை வைத்திருந்தவர் சமையல் எண்ணெய் எதையோ விட்டிருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். மண்ணெண்ணெய் அதைவிட மோசம். 38 டிகிரியைத் தாண்டினாலே அதன் ஆவி தீப்பற்றக்கூடும். நம்மூர் அக்னி நட்சத்திரத்துக்கு அதுவே போதும், சூடான கம்பியும் மோட்டார் பொறியும் வேறு எதற்கு?

கல்யாண மண்டபத்தில் மணமக்கள் மேடை ஏறும்போது விடுவார்களே, அந்தப் புகை மெஷின் திரவத்தையும் ஒரு லைட்டிங் தம்பியிடம் வாங்கிப் பார்த்தேன். கிளைக்காலும் தண்ணீரும் கலந்தது. அந்த மெஷினின் சூடு வேறு, இந்தக் குட்டிக் கம்பி வேறு. சிடுசிடுவென்று தெறித்து, பாகு மாதிரி ஒட்டி, தண்டவாளமெல்லாம் வழுக்கல். துடைத்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

அளவும் முக்கியம். ரொம்ப ஊற்றினால் வழிந்து சக்கரம் வழுக்கும். ஓ கேஜைவிடச் சின்ன ஹெச்ஓ அளவு இன்ஜின்களில் வரும், சொய்த்தே என்ற ஜெர்மன் கம்பெனி செய்வது மாதிரிக் குழாய் யூனிட்டானால் நிரம்ப விட்டால் புகையே வராது, குமிழிதான் வரும். குறைய விட்டாலோ மறுபடி கருகல். புகை மெலிந்ததும் அணைத்துவிடுவது நல்ல பழக்கம். இன்னொன்று, தண்டவாள மின்சாரத்திலேயே நேரடியாகச் சூடேறும் யூனிட்டானால் 12 வோல்ட்டிலிருந்து 18-க்கு ஏற்றும்போது சூடு ஒன்றரை மடங்கு ஆவதில்லை, இரண்டேகால் மடங்கு ஆகிறது. வேகமாக ஓட்டுகிற பிள்ளைகள் வீட்டில்தான் திரி சீக்கிரம் கருகும்.

ஊறிப்போன வாடைக்கு

திரியும் எண்ணெயும் மாற்றியும் இன்ஜின் கூட்டில், பெயின்டில், பெட்டியில் ஊறிய வாடை இருக்கும். முதலில் மேல் கூட்டைக் கழற்றி, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் மிருதுவான பிரஷ்ஷால் கழுவிக் காயவைத்தேன். எழுத்து ஒட்டியிருக்கும் இடத்தில் அழுத்தவில்லை. மிச்சத்துக்கு நான்கு பேர் நான்கு யோசனை சொன்னார்கள்.

சமையல் சோடாவை அம்மா சொன்னாள். ஃபிரிட்ஜில் புளித்த வாடைக்கு அது கேட்கும், ஏனென்றால் அமில வாடையைச் சோடா முறிக்கும். எண்ணெய் ஆவிக்கு அவ்வளவாகக் கேட்கவில்லை. உமிக்கரி மாமாவின் யோசனை, "பல்லுக்கே நல்லது, இதுக்கு ஆகாதா?" கொஞ்சம் இழுத்தது. ஆனால் அந்தத் தூள் பல்சக்கரத்துக்குள் போனால் உப்புத்தாள் வேலை செய்யும். வெயிலில் வைப்பதும் கேட்கும்தான், ஆனால் சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் கூடு கோணிக்கொள்ளலாம், கறுப்பு பெயின்ட் வெளுக்கும். திண்ணை நிழலில் காற்றாட வைத்தால் போதும்.

ஜெயித்தது ஆக்டிவேட்டட் கார்பன். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்கிறார்கள். ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு உள்பரப்பு இருக்கும், எண்ணெய் ஆவி அதன் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். சாதாரண அடுப்புக்கரியில் அத்தனை துளை கிடையாது. மீன் தொட்டிக் கடையில் குருணையாகவே விற்கிறார்கள். நான் கால் கிலோ வாங்கி, பழைய காலுறையில் கட்டி, இன்ஜினோடு இறுக்கமூடும் பிளாஸ்டிக் டப்பாவில் பத்து நாள் வைத்தேன். பதினோராம் நாள் திறந்தபோது மாமா மூக்கை உள்ளே விட்டுப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் அகராதியில் அது பாராட்டு.

தண்ணீர்ப் புகை

சிலர் கேட்பது, எண்ணெயே வேண்டாமே என்று. நொடிக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் அதிரும் குட்டி வட்டு தண்ணீரை மூடுபனியாக்கும் யூனிட்டுகள் வந்துவிட்டன. கருகாது, நாறாது. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் அழகு குறைவு. சூடான ஆவி மேலே எழும், இந்தக் குளிர்ந்த பனியோ புகைபோக்கியிலிருந்து கீழே வழியும். பார்த்தால் ரயில் அழுவது மாதிரி இருக்கும். எங்கள் போர் தண்ணீரை ஊற்றினால் வெள்ளை உப்புப் பூச்சு படிகிறது, கடலோர ஊர்களில் இன்னும் மோசமாக இருக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. ஓட்டி முடித்ததும் காலி செய்துவிடுங்கள், ஐப்பசி அடைமழையில் தேங்கிய தண்ணீர் பாசி வாடை அடிக்கும்.

எங்கள் வீட்டில் கடைசியில் நின்றது: ரீவைண்டிங் கடைத் திரி, மணமில்லாத எண்ணெய், 12 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று மகனுக்கு ஒரு தடை. வெள்ளிக்கிழமை மனைவி சாம்பிராணி போடும் முன் இன்ஜின் பெட்டிக்குள் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் அந்த மணம் ஏறிக்கொள்கிறது.

பெட்டி விஷயத்தில் ஒரு அடி பட்டேன். கழுவி, கரியில் வைத்து, சுத்தமான இன்ஜினை அதன் பழைய பெட்டியில் திரும்ப வைத்தேன். இரண்டே நாளில் பழைய நாற்றம் முழுசாகத் திரும்பிவிட்டது. உள்ளே இருந்த ஃபோம் பல வருஷப் புகையைக் குடித்து வைத்திருந்தது. அதைப் பிய்த்து எறிந்துவிட்டு மாமாவின் பழைய வேட்டி ஒன்றைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அதில் இப்போதைக்கு சோப்பு வாடைதான்.